அமெரிக்க நீதிமன்றம் மகனை எனக்குத் தந்துவிட்டது. அவன் இருப்பதோ திருநெல்வேலியில்!

அமெரிக்காவின் நியூ ஜெர்சியிலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

ஐ.டி. வேலை, எச்-1பி விசா. மனைவி அவரைச் சார்ந்த எச்-4 விசாவில் இருந்தவர். மகனுக்கு ஆறு வயது. பிறந்ததிலிருந்து அமெரிக்காவில்தான் வளர்ந்தான். அமெரிக்கப் பாஸ்போர்ட், இந்தியாவில் விசா இல்லாமலே தங்க வழிசெய்யும் ஓசிஐ கார்டு இரண்டும் உண்டு. தம்பதிக்குள் ஒத்துவராமல் போய், சென்ற ஆண்டு வாசகர் விவாகரத்துக்கு மனு போட்டார். வழக்கு முடியும்வரை மகன் இருவர் பொறுப்பிலும் இருக்க வேண்டும், ஒருவர் எழுதிக் கொடுக்காமல் மற்றவர் வெளிநாட்டுக்கு அழைத்துப் போகக் கூடாது என்று நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. தங்கை கல்யாணம் என்று மனைவி கேட்க, ஆறு வாரத்துக்குச் சம்மதக் கடிதம் கொடுத்திருக்கிறார். திரும்பி வர டிக்கெட்டும் போட்டிருந்தது. அந்த விமானத்தில் அவர்கள் ஏறவில்லை. "நாங்க வரலை. இவனை இங்கேயே ஸ்கூல்ல சேத்துட்டேன்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி மட்டும் வந்தது. நான்கு மாதம் ஆகிறது.

வாசகர் மறுபடி நியூ ஜெர்சி நீதிமன்றத்துக்குப் போனார். மனைவி ஆஜராகவில்லை. கஸ்டடி முழுவதையும் தந்தைக்கே கொடுத்து, பிள்ளையை உடனே திருப்பி அனுப்பும்படி உத்தரவாகியிருக்கிறது. இனி கேள்வி இதுதான்: "ஹேக் ஒப்பந்தப்படி ஆறு வாரத்தில் பிள்ளையை அனுப்பிவிட வேண்டுமாமே? இந்த உத்தரவைத் தமிழ்நாடு போலீஸிடம் காட்டினால் போதுமா? போதாது என்றால் நானும் அண்ணனும் நேரில் போய், ஸ்கூல் வேன் வந்து நிற்கும் இடத்திலேயே பையனை ஏற்றிக்கொண்டு சென்னைக்கு வந்து, தூதரகத்தில் அவசரப் பாஸ்போர்ட் வாங்கி விமானம் ஏறிவிடலாம் என்று நினைக்கிறோம். அவன் அமெரிக்கக் குடிமகன். யார் தடுக்க முடியும்?"

இன்னும் இரண்டு விஷயங்களைப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறார். மனைவிக்குப் பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டார், தானாக வழிக்கு வருவாள் என்று. அப்புறம் ஒரு வரி: "ஒருமுறை கோபத்தில் கை நீட்டியது உண்மை, அதையே பெரிதாக்குகிறாள்." அடுத்த மாதம் மகனுக்குப் பிறந்தநாள், போய்ப் பார்க்கலாமா என்றும் கேட்கிறார்.

நண்பரே, முதலில் அந்த வேன் யோசனையை விட்டுவிடுங்கள். மற்றதையெல்லாம் பொறுமையாகப் பேசலாம்.

இன்று நீதிமன்றத்தின் கண்ணில் நீங்கள் பாதிக்கப்பட்ட தகப்பன். வாக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பாதவர் உங்கள் மனைவி. தெருவில் வைத்துப் பிள்ளையைத் தூக்கிய நிமிடத்தில் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். சென்னை வந்து சேர்வதற்குள் புகார் பதிவாகியிருக்கும், விமான நிலையத்துக்குத் தகவல் போயிருக்கும். தூதரகம் பற்றி நீங்கள் நினைப்பதும் நடக்காது. 16 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு அமெரிக்கப் பாஸ்போர்ட் வேண்டுமென்றால் பொதுவாகத் தாய், தந்தை இருவரின் சம்மதமும் தேவை. முழுக் கஸ்டடி உத்தரவு இருந்தால் ஒருவரே விண்ணப்பிக்கலாம்தான். ஆனால் தூக்கிக்கொண்டு வந்த பிள்ளையோடு, இந்தியாவில் வழக்கு வரப்போகும் நிலையில், கவுண்டரில் நின்றதும் கையில் புத்தகம் வந்துவிடாது. வந்தாலும் இங்கே குடியேற்ற அதிகாரியைத் தாண்ட வேண்டும். எல்லாம் போகட்டும், யூனிஃபார்மோடு வேனிலிருந்து இறங்கும் ஆறு வயதுப் பையன், அம்மா கத்துவதைப் பார்த்துக்கொண்டே அப்பாவின் காரில் ஏறுகிறான். அதன்பிறகு நீதிபதி அவனைத் தனியாக அழைத்து "அப்பாகிட்ட போறியா?" என்று கேட்டால் என்ன சொல்வான்?

ஹேக் ஒப்பந்தம் இங்கே ஏன் உதவாது

நீங்கள் சொல்லும் ஒப்பந்தம் 1980-இல் உருவானது. 100-க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன. ஒரு நாட்டில் வழக்கமாக வாழ்ந்துவந்த, 16 வயது நிரம்பாத பிள்ளையை ஒரு பெற்றோர் முறைகேடாக இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோனாலோ அங்கேயே நிறுத்திவைத்தாலோ, பழைய நாட்டுக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்பது அதன் சாரம். பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்று அது தீர்மானிப்பதில்லை. அதைப் பழைய நாட்டு நீதிமன்றமே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறது. ஆறு வாரம் என்பதும் முடிவெடுப்பதற்கான இலக்குதான். அதைத் தாண்டி இழுக்கும் வழக்குகள் ஏராளம்.

இதெல்லாம் இரு நாடுகளும் ஒப்பந்தத்தில் இருந்து, அது அவற்றுக்கிடையே அமலிலும் இருந்தால்தான். இந்தியா அதில் சேரவே இல்லை. சேரலாம் என்று சட்ட ஆணையம் 2009-இலேயே பரிந்துரைத்தது. 2016-இல் வரைவு மசோதாவும் வந்தது. சட்டமாகவில்லை. வெளிநாட்டில் அடி வாங்கிவிட்டுப் பிள்ளையோடு பிறந்த வீட்டுக்கு ஓடிவரும் பெண்களை மறுபடி அந்த வீட்டுக்கே அனுப்புகிற சட்டமாக இது ஆகிவிடும் என்ற அச்சம் முக்கியக் காரணம். அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் ஒப்பந்தத்துக்கு வெளியே நிற்பதால் உங்களைப் போன்றவர்கள் ஒவ்வொரு வழக்கையும் அடியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது என்பதும் உண்மை. (இதே சிக்கலில் இருக்கும் மற்ற வாசகர்களுக்கு: இலங்கை, சிங்கப்பூர், பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா ஆகியவை உறுப்பு நாடுகள். மலேசியா இல்லை.)

அமெரிக்க உத்தரவுக்கு இங்கே என்ன மதிப்பு

காவல் நிலையத்தில் அதைக் காட்டினால், "இது குடும்பத் தகராறு சார், கோர்ட்டுக்குப் போங்க" என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. தாயும் சட்டப்படி காப்பாளர்தான். தன் பிள்ளையைத் தன்னிடம் வைத்திருக்கும் தாயைக் கடத்தல் குற்றத்துக்காகப் பிடிப்பது இங்கே பொதுவாக நடப்பதில்லை. வெளிநாட்டு உத்தரவைப் போலீஸ் நேரடியாக நிறைவேற்றவும் வழியில்லை.

நீதிமன்றத்தில் அதற்கு மதிப்பு உண்டு. எவ்வளவு என்பதில்தான் உச்ச நீதிமன்றமே காலத்துக்கு ஒரு பக்கம் சாய்ந்து வந்திருக்கிறது. 2015-இல், பிரிட்டனிலிருந்து கோவைக்கு அழைத்துவரப்பட்ட இரு பெண் குழந்தைகள் வழக்கில், முதலில் உத்தரவு போட்ட வெளிநாட்டு நீதிமன்றத்துக்கு மிகுந்த மரியாதை தர வேண்டும் என்றது. 2017-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்தப் பார்வையை ஏற்கவில்லை. வெளிநாட்டு உத்தரவு கவனிக்க வேண்டிய அம்சங்களில் ஒன்று மட்டுமே, பிள்ளையின் நலனே எல்லாவற்றுக்கும் மேல் என்று சொன்னது. இன்றுவரை அடிப்படை அதுதான். அதை வைத்தே 2018-இல் ஒரு பெண் குழந்தையைத் தாயோடு இங்கேயே இருக்கவிட்டார்கள். அதை வைத்தே 2019, 2020, 2022 ஆண்டுகளில் சில பிள்ளைகளைத் திருப்பி அனுப்பவும் செய்தார்கள்.

2022-இல் வந்ததில் ஒன்று தமிழ்நாட்டு வழக்கு. அதில் பிள்ளைகளை அமெரிக்காவிலிருந்து அழைத்துவந்தவர் தகப்பன், ஒஹாயோ நீதிமன்ற உத்தரவை மீறி. பிள்ளைகளை நீதிமன்றத்தில் ஆஜர்படுத்தச் சொல்லும் ஆட்கொணர்வு மனுவைத் தாய் போட்டார். உச்ச நீதிமன்றம் பிள்ளைகளைத் தாயிடம் ஒப்படைத்து, அமெரிக்கா திரும்ப வழி செய்தது. ஆகவே, தாய் என்றால் ஒரு நியாயம், தகப்பன் என்றால் ஒரு நியாயம் என்று மனதில் முடிச்சுப் போட்டுக்கொள்ள வேண்டாம். ஐந்து வயது நிரம்பாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டின் இந்து மைனர் காப்பாளர் சட்டம் சொல்கிறது. உங்கள் மகன் அந்த வயதைத் தாண்டிவிட்டான். அதனால் உங்களுக்கே கிடைத்துவிடும் என்றும் அர்த்தமில்லை. அளவுகோல் நலன்தான்.

நலன் என்றால் என்ன பார்ப்பார்கள்? பிறந்ததிலிருந்து எங்கே வளர்ந்தான், எந்த மொழியில் பேசுகிறான், எந்த நாட்டுக் குடிமகன், இங்கே வந்து எவ்வளவு காலம், பள்ளியில் ஒட்டிவிட்டானா, திரும்பிப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள், அங்கே அவனுக்கு ஏதேனும் ஆபத்து உண்டா. இப்போதைக்கு இவற்றில் பல உங்கள் பக்கம். ஆறு வருடம் அங்கே, நான்கு மாதம் இங்கே. ஆனால் இந்தக் கணக்கு மாதாமாதம் மாறும். இன்று ஆங்கிலத்தில் யோசிக்கிற பையன் அடுத்த வருடம் தெருப் பிள்ளைகளோடு நெல்லைத் தமிழில் சண்டை போட்டுக்கொண்டிருப்பான். அப்போது அவனைப் பெயர்த்து எடுப்பது சரியா என்று நீதிபதி யோசிப்பார். விசா முடிந்தால் வந்துதானே ஆக வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். ஓசிஐ கார்டு உள்ள பிள்ளைக்கு அந்தக் கெடுவே இல்லை.

எங்கே மனு போடுவது

பிள்ளை திருநெல்வேலியில் இருப்பதால், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் அரசமைப்புச் சட்டத்தின் 226-ஆவது பிரிவின்கீழ் ஆட்கொணர்வு மனு. இப்படிப்பட்ட வழக்குகளில் வழக்கமான முதல் வழி இதுதான். பெற்றோரில் ஒருவருக்கு எதிராக மற்றவர் இந்த மனுவைப் போடலாம் என்பதை 2020-இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்திருக்கிறது. பிள்ளையை நேரில் வரவழைப்பார்கள். நீதிபதிகள் சேம்பரில் வைத்துப் பேசிப் பார்ப்பார்கள். பெரும்பாலும் சமரச மையத்துக்கும் அனுப்புவார்கள். அதைக் காலத்தை ஓட்டும் சடங்காக நினைக்காமல் முழு மனதோடு உட்காருங்கள். இந்த வழக்குகள் பேசி முடிந்தால்தான் நிஜமாகவே முடிகின்றன.

விசாரணையின்போது நீங்கள் நேரில் இருக்க வேண்டும். அப்பாவுக்குப் பவர் எழுதிக் கொடுத்துவிட்டு அங்கிருந்தே நடத்தலாம் என்பது வேலைக்காகாது. "நீங்க ஆபீஸ் போனா பையனை யார் பாப்பா?" என்று நீதிபதி கேட்பார். சாட்சிக் கூண்டுக் கேள்வி இல்லை, சாதாரணமாகத்தான் கேட்பார். அதற்கு உங்கள் தாயார் எத்தனை மாதம் அங்கே வந்து தங்க முடியும், பள்ளி விட்டபிறகு எங்கே இருப்பான், வாரத்தில் எத்தனை நாள் வீட்டிலிருந்து வேலை என்று விவரமாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். பலர் உத்தரவின் நகலை மட்டும் நம்பி வந்து இந்த இடத்தில் திணறுகிறார்கள்.

மனைவி திருநெல்வேலியிலேயே 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி குடும்ப நீதிமன்றத்தில் மனு போட்டிருக்கலாம், அல்லது குடும்ப வன்முறைச் சட்டத்தில் மாஜிஸ்திரேட்டிடம் போயிருக்கலாம். சம்மன் வந்தால், 'எனக்குத்தான் அமெரிக்க உத்தரவு இருக்கிறதே' என்று சும்மா இருந்துவிடாதீர்கள். அவர் நியூ ஜெர்சியில் ஆஜராகாததால் உங்களுக்கு ஒருதலைப்பட்சமாக உத்தரவு கிடைத்தது. நீங்கள் இங்கே ஆஜராகாவிட்டால் அவருக்கும் அப்படியே கிடைக்கும்.

அமெரிக்கப் பக்கம் நீங்கள் சீக்கிரம் நீதிமன்றம் போனது நல்லது. அங்கே பெரும்பாலான மாநிலங்களில், பிள்ளை கடைசியாக ஆறு மாதம் தொடர்ந்து வாழ்ந்த மாநிலத்துக்கே கஸ்டடியைத் தீர்மானிக்கும் அதிகாரம். பிள்ளை கிளம்பிய ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டுவிட்டால், ஒரு பெற்றோர் அங்கேயே வசிக்கும்வரை அந்த அதிகாரம் நிலைக்கும். வெளியுறவுத் துறையின் குழந்தைகள் விவகார அலுவலகத்திலும் பதிவு செய்யுங்கள். மகன் பெயரில் புதுப் பாஸ்போர்ட்டுக்கு யார் விண்ணப்பித்தாலும் உங்களுக்குத் தகவல் வரும்படி செய்ய அங்கே வசதி உண்டு. தாய் சம்மதித்தால் தூதரக அலுவலர்கள் பிள்ளையை நேரில் பார்த்து நலம் விசாரித்துச் சொல்வார்கள். அதற்கு மேல் தூதரகத்திடம் எதிர்பார்க்காதீர்கள்.

அந்த ஒற்றை வரி

இரண்டு பக்கக் கடிதத்தில் 'கை நீட்டியது' ஒரு வரி. வழக்கில் அது ஒரு வரியாக இருக்காது. மனைவி தரப்பு மனுவில் முதல் பத்தியே அதுவாக இருக்கலாம். ஹேக் ஒப்பந்த நாடுகளில்கூட, திருப்பி அனுப்பினால் பிள்ளைக்குக் கடுமையான ஆபத்து என்று நிரூபித்தால் அனுப்ப மறுக்கலாம். ஆகவே, "பெரிதாக்குகிறாள்" என்ற சொல்லை உங்கள் வக்கீலிடம்கூடப் பயன்படுத்தாதீர்கள். என்ன நடந்தது, எப்போது, பையன் பார்த்தானா, போலீஸ் வந்ததா, எல்லாவற்றையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நடந்ததை ஒப்புக்கொண்டு, அதன்பிறகு என்ன செய்தீர்கள் என்று காட்ட முடிந்தால் அதற்கு மதிப்பு உண்டு. அமெரிக்காவில் கோபத்தைக் கையாளும் பயிற்சி வகுப்புகள் இருக்கின்றன. வழக்குக்காக என்று இல்லாமல் உங்களுக்காகவே போய்ச் சேருங்கள். உங்கள் மனைவி திரும்பாததற்குக் காரணம் பிடிவாதம் மட்டும்தானா என்பதையும் ஒருமுறை யோசியுங்கள். பயமாகவும் இருக்கலாம். அவர் செய்தது உத்தரவை மீறிய செயல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் இதை நீங்கள் யோசித்தே ஆக வேண்டும்.

அவர் திரும்பி வர வழி இருக்கிறதா?

இதைத்தான் உங்கள் கடிதத்தில் தேடினேன், காணவில்லை. விவாகரத்து ஆனால் அவருடைய எச்-4 விசா போய்விடும். அங்கே சொந்தச் சம்பாத்தியம் இல்லை, வீடு இல்லை. நீங்கள் பணத்தையும் நிறுத்திவிட்டீர்கள். 'வா' என்று உத்தரவு கூப்பிடுகிறது. வந்தால் எங்கே இறங்குவது?

நம் நீதிமன்றங்கள் இதைக் கூர்ந்து பார்க்கின்றன. திருப்பி அனுப்பச் சொல்லும் தீர்ப்புகளில் பல, நிபந்தனைகளோடுதான் வருகின்றன: தாய்க்கும் பிள்ளைக்கும் விமான டிக்கெட், தனி வீடு, மாதச் செலவுக்குப் பணம், அங்கே அவர் வழக்கு நடத்த வக்கீல் செலவு, குற்றப் புகார்களைத் தொடராமை. நீதிமன்றம் கேட்பதற்கு முன்பே இவற்றை நீங்களே எழுதி, பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்யுங்கள். முடிந்தால் இதே வாக்குறுதிகளை நியூ ஜெர்சி நீதிமன்றத்திலும் உத்தரவாக்கி வாங்கி வாருங்கள். மிரர் ஆர்டர் என்பார்கள். இங்கே கொடுத்த வாக்கை அங்கே போய்க் காற்றில் விட முடியாது என்பதற்கு அது பிடிமானம். விசாவுக்கு என்ன வழி என்று குடியேற்ற வக்கீலிடமும் கேட்டு வையுங்கள். தாயையே வெளிநாட்டுக்குப் போகச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் அவர் போக விரும்பினால் கதவு திறந்திருக்க வேண்டும்.

குற்றப் புகார் பற்றி ஒரு எச்சரிக்கை. பிள்ளையை வெளிநாட்டில் நிறுத்திவைப்பது 1993-ஆம் ஆண்டின் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி மூன்று ஆண்டுவரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். எஃப்.பி.ஐ.யிடம் போகச் சொல்லி நண்பர்கள் தூண்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். போகலாம், உரிமை உண்டு. ஆனால் கைது வாரண்ட் ஒன்று நிலுவையில் இருந்தால், "விமானத்தை விட்டு இறங்கியதும் என்னைப் பிடித்துக்கொள்வார்கள், பிள்ளை அனாதையாக நிற்பான்" என்று அவர் இங்கே சொல்வார். அதற்குப் பதில் சொல்வது கடினம். இரு நாட்டு வக்கீல்களும் சேர்ந்து பேசாமல் அந்தப் படியை ஏறாதீர்கள்.

பணத்தை இன்றே மறுபடி அனுப்பத் தொடங்குங்கள். வங்கி வழியாக, மகனின் பள்ளிக் கட்டணம், செலவு என்று குறிப்பிட்டு. வாட்ஸ்அப்பில் கோபமாக எதையும் எழுதாதீர்கள், பழையதை அழிக்கவும் வேண்டாம். தினமும் ஒரே நேரத்தில் ஒருமுறை வீடியோ அழைப்பு. எடுக்காவிட்டால் திரும்பத் திரும்ப அடிக்காமல் விட்டுவிடுங்கள், பதிவு இருக்கும். தினம் ஐந்து, பத்து நிமிடமாவது பிள்ளையோடு வீடியோவில் பேச மற்ற பெற்றோருக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வழக்கு முடியும்வரை இதை இடைக்கால நிவாரணமாகவே கேட்டு வாங்கலாம். பிள்ளை இங்கேயே இருக்கட்டும் என்று தீர்ப்பு வந்துவிட்டால்கூட, கோடை விடுமுறையை உங்களோடு கழிக்கும் உரிமையை விடாமல் கேளுங்கள்.

பிறந்தநாளுக்குத் தாராளமாக வாருங்கள். டிக்கெட் போடுவதற்கு முன் உங்கள்மீது அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகாரோ எஃப்.ஐ.ஆரோ இருக்கிறதா என்று இங்குள்ள வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் முன்ஜாமீன் ஏற்பாடு செய்துகொண்டு கிளம்புங்கள். ஆட்கொணர்வு மனுவை அதற்குள் தாக்கல் செய்து, நீங்கள் ஊரில் இருக்கும் நாட்களில் மகனைப் பார்க்க அனுமதி கேட்டால், எங்கே, எத்தனை மணி நேரம் என்பதை நீதிமன்றமே சொல்லிவிடும். வருகிற தேதியை மனைவிக்கும் எழுத்தில் முன்கூட்டியே தெரிவியுங்கள். வரும்போது இரண்டு உத்தரவுகளின் சான்றிட்ட நகல்களை, வெளிநாட்டில் செல்லுபடியாக வைக்கும் அப்போஸ்டில் முத்திரையோடு எடுத்து வாருங்கள். கூடவே நீங்கள் கொடுத்த சம்மதக் கடிதம், திரும்பும் டிக்கெட், மகனின் பழைய பள்ளி மற்றும் டாக்டர் பதிவுகள். அண்ணனை அழைத்து வருவதானால், வேன் நிற்கும் தெருப் பக்கம் அவர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.